பாப்பாவின் பிசிறு

"ஏனுங்க, நம்ம ரோபோ இன்னைக்கு என் டம்ளர் விளிம்பையும் அரம் போட்டு வழவழன்னு ஆக்கிருச்சுங்க," என்று கோகிலா சிரித்தாள்.

மயில்சாமிக்குப் பெருமை. பம்புக்கான இரும்பு உருப்படிகளின் விளிம்பில் துருத்தி நிற்கும் பிசிறை அரத்தால் தேய்த்து எடுக்க வீட்டில் வாங்கி வைத்த ரோபோ அது. "விரலுக்குக் குத்துனா அது பிசிறு, விடாம தேய்ச்சிருன்னு நாந்தானே பழக்குனேன்!"

தொட்டிலில் பாப்பா களுக்கென்று சிரித்தது. ரோபோவின் ரப்பர் விரல் அதன் ஈறின்மேல் மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தது.

"விளையாட்டுக் காட்டுது பாருங்க."

விரல் ஓரிடத்தில் நின்றது. பின்னால் போய், மறுபடி அங்கேயே வந்து நின்றது.

"ஐயோ, பாப்பாவுக்குக் காலையில பல்லு முளைச்சிருக்குதுங்க!" என்று கோகிலா அலறினாள்.

மயில்சாமி பாய்ந்து குழந்தையை வாரி எடுத்தான்.

ரோபோ இருப்பதிலேயே சின்ன அரத்தை மாட்டிக்கொண்டு, காலித் தொட்டிலின்மேல் கையை நீட்டிக் காத்திருந்தது.