பழைய சுவிட்ச்

கழற்றிய பாகத்தை வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்துவிடுவது ஜெயசீலன் கடை வழக்கம். பழைய ஸ்டீரியோ செட்டிலிருந்து எடுத்த, கருகிப்போன பவர் சுவிட்சைத் தாளில் மடித்து செண்பகவல்லியிடம் நீட்டினான். மாவுக்கட்டு பிரித்த அவளுடைய இடது கை இன்னும் வெளுத்திருந்தது. புது சுவிட்சை அழுத்திப் பாட்டு வைத்தான்.

“செட்டு ரிப்பேரானதுல இருந்து தெருவே வெறிச்சோடிக் கெடக்குக்கா. உங்க வீட்டுக்கார அண்ணன் கதவைச் சாத்திட்டு இதைப் போட்டா, எதிர்வீட்டுல எங்களுக்கே நல்லா கேக்கும்.”

அவள் தாளைப் பிரித்துப் பழைய சுவிட்சை மேசைமேல் வைத்தாள்.

“இதையே திரும்ப மாட்டிக் குடு தம்பி.”

“அதை மாட்டினா செட்டு ஓடாதுக்கா.”

“எதிர்வீட்டுல பாட்டு மட்டுந்தான் கேட்டுச்சா?”

ஜெயசீலன் அவளைப் பார்க்காமல் பாட்டின் சத்தத்தை இன்னும் கூட்டினான்.