கட்டில் படகு

"படகுல வாயைத் திறந்தா ஒரு ஜாகுவார் சிறுத்தைகூட கண்ணுல படாது. உன்னால சும்மா இருக்க முடியாது. நாம ஊட்டிக்கே போயிடலாம்" என்றான் அழகேசன். பிரேசிலின் பெரிய சதுப்புநிலத்துக்குப் போக ஒரு வருஷமாகத் திட்டம் போட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி இந்துமதி, விறுவிறுவென்று கட்டிலை ஹால் நடுவே இழுத்துப் போட்டாள். "இதுதான் படகு. தரையெல்லாம் தண்ணி. முதல்ல நான் பேசினா ஊட்டி. நீங்க பேசினா இன்னிக்கே பிரேசிலுக்கு டிக்கெட் போடணும்." இருவரும் தொப்பி போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தார்கள். அழகேசன் பைனாகுலரால் டிவி ஸ்டாண்டுக்கு அடியில் தேடினான். அடுப்பில் இருக்கும் பருப்பைப் பற்றிச் சொல்ல முடியாமல் இந்துமதியின் உதடுகள் துடித்தன. அப்போது திறந்திருந்த வாசலில் சிலிண்டர்காரர் வந்து நின்றார். "அக்கா, உள்ள வைக்கட்டுமா?" இந்துமதி உதட்டில் விரல் வைத்தாள். தரையைக் காட்டி, கையை அலைபோல ஆட்டினாள். அவர் கட்டிலைப் பார்த்தார், தொப்பிகளைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டினார். சிலிண்டரைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு காலாகத் துழாவி வைத்து, சமையலறையை நோக்கி மெல்ல நடந்தார். சோபா பக்கம் அவர் திரும்பியதும் அழகேசனுக்குத் தாங்கவில்லை.

"அண்ணே, அந்தப் பக்கம் போகாதீங்க, ஆழம்!"

இந்துமதி ஒரு வார்த்தையும் பேசாமல், டிக்கெட் பக்கம் திறந்திருந்த போனை அவன் மடியில் வைத்தாள். காலி சிலிண்டரோடு வெளியே போனவர், வாசற்படியில் குனிந்து பேன்ட்டைப் பிழிந்துகொண்டிருந்தார்.