புகைக் கணக்கு

"உலகத்தக் காப்பாத்துறதுண்டா பஸ்ஸில போனா சரிதானே, சேர்?" என்றார் ஸெய்னுலாப்தீன்.

முத்துலிங்கம் கடுகண்ணாவையைத் தாண்டி, கண்டிப் பக்க இறக்கத்தில் காரின் என்ஜினை நிறுத்திவிட்டு, பிரேக்கை நம்பி உருண்டுகொண்டிருந்தார். அதுவும் உலகத்துக்காகத்தான்.

பூமி சூடாகிறது என்று அந்தப் பக்கத்தில் கவலைப்பட்ட ஒரே ஆள் அவர். 1999இல், யுத்தத்துக்கு நடுவில், மற்றவர்களுக்கு வேறு கவலைகள் இருந்தன. நீர்ப்பாசனப் பொறியியலாளராக மழையை அளந்து அளந்தே தலை நரைத்த முத்துலிங்கம், கண்டிக்குத் தனியாகக் கார் ஓட்டிப் போவது பாவம் என்று திடீரென்று ஒரு நாள் முடிவு செய்தார். அயலவர் இருவரை வற்புறுத்தி ஏற்றிக்கொண்டார். கண்டியில் புடவைக் கடை வைத்திருந்த ஸெய்னுலாப்தீன் ஒருவர். அங்கே ஒரு தையல் கடையில் வேலை பார்த்த, ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து குடியிருந்த கறுப்பையா மற்றவர்.

"மூண்டு பேருக்கு ஒரு புகைக்குழாய். தலைக்கு மூண்டிலொரு பங்கு," என்பார் முத்துலிங்கம், தினமும்.

"பஸ்ஸுக்கும் ஒரு புகைக்குழாய்தானே. அதில அறுவது பேர் போற."

"அது வேற கணக்கு, நானா."

பேராதனைக்கு முன்னால் சோதனைச் சாவடி. பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையை நெஞ்சுயரத்தில் பிடித்தபடி வரிசையாக நடக்கவேண்டும். அட்டை இல்லாத தமிழரை ஒரு ஜீப் ஏற்றிக்கொண்டு போகும். திரும்பி வருவது நாளைக்கோ அடுத்த மாதமோ, அது அவரவர் அதிர்ஷ்டம்.

சாவடி கண்ணில் பட்டதும் பின்சீட்டில் கறுப்பையாவுக்கு நித்திரை வந்துவிடும். ஸெய்னுலாப்தீன் தன் அட்டையை எடுத்துத் தயாராக வைத்துக்கொள்வார். அது ஒரு நாளும் தேவைப்பட்டதில்லை. சிப்பாய் யன்னலில் குனிந்ததுமே முத்துலிங்கம் ஆரம்பித்துவிடுவார்.

அவருடைய சிங்களம் அரசகரும மொழிப் பரீட்சைக்காகப் படித்தது. இலக்கணப் பிழை ஒன்றும் இருக்காது. ஒருவருக்கும் விளங்கவும் விளங்காது. காற்று மண்டலம், காபனீரொட்சைட்டு, துருவப் பனி என்று போய், சிகரட் பெட்டி மட்டையில் தானே வரைந்த படத்தையும் நீட்டுவார். மூன்றாவது வாக்கியத்தில் சிப்பாயின் கண்கள் மங்கும்.

"யன்ன மஹத்தயா, யன்ன," என்று கையை ஆட்டிப் போகச் சொல்லிவிடுவான்.

ஒரு மாதத்துக்குள், காரைத் தூரத்தில் கண்டாலே தடுப்பை உயர்த்திவிடும் நிலைமைக்குச் சிப்பாய்கள் வந்துவிட்டார்கள்.

பிறகு ஒரு நாள் புதுச் சிப்பாய் ஒருவன் நின்றான். கண்ணாடி போட்டவன். இவன் கேட்டான். முழுவதையும் கேட்டான். படத்தை வாங்கித் தலைகீழாகவும் பார்த்தான்.

"அப்படியென்றால் மஹத்தயா, பஸ்ஸில் போவதுதானே சரி?" என்றான் சிங்களத்தில்.

ஸெய்னுலாப்தீனுக்கு அவனைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. பின்சீட்டில் கறுப்பையாவின் மூடிய இமைகள் துடித்தன.

"சரி, மூன்று பேரும் அட்டையைக் காட்டுங்கள்."

ஸெய்னுலாப்தீன் நீட்டினார். முத்துலிங்கம் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"நல்ல கேள்வி கேட்டீர். இதற்குப் பனி யுகத்திலிருந்து தொடங்கவேண்டும்," என்றார்.

தொடங்கினார். பனி உருகி, கடல் ஏறி, இலங்கை இந்தியாவை விட்டுப் பிரிகிற கட்டத்தில், பின்னால் பதினேழு வாகனங்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தன. கூடாரத்திலிருந்து அதிகாரி தலையை நீட்டினார்.

"அடேய், அந்த மனுசனை முதலில் அனுப்பு."

தடுப்பு உயர்ந்தது.

"எனக்கு அட்ட ஈக்கிது. உங்களுக்கும் ஈக்கிது," என்று கொதித்தார் ஸெய்னுலாப்தீன். "காட்டினா அர நிமிஷம். அந்த ஆமிக்காரன் கேட்டதத்தான் நானும் பத்து மாசமாக் கேக்குற. நீங்க மட்டும் பதில் சொல்லமாட்டீங்க."

"ஓம், கெட்டிக்காரப் பெடியன்," என்றார் முத்துலிங்கம். அந்தக் காலைக் குளிரிலும் அவருடைய சேர்ட் முதுகோடு ஒட்டியிருந்தது.

"ஐயா, நாளையிலிருந்து நான் வரலைங்க," என்றார் கறுப்பையா மெதுவாக.

"வாரும். நீர் வராட்டிக் கணக்குப் பிழைச்சுப்போகும்."

அடுத்த மாதம் ஒரு திங்கட்கிழமை, கார் வரவில்லை. ஸெய்னுலாப்தீன் தேடிப் போனார். கார் படங்கு மூடி நின்றது. முத்துலிங்கம் குடையோடு பஸ் தரிப்பில் நின்றார். பக்கத்தில் கறுப்பையா.

"கார் பழுதா, சேர்?"

"இல்லை. பஸ்ஸிலையெண்டால் அறுவது பேருக்கு ஒரு புகைக்குழாய், நானா."

"இத எங்கயோ கேட்ட மாதிரி ஈக்கிது," என்றார் ஸெய்னுலாப்தீன்.

சாவடியில் எல்லோரும் இறங்கினார்கள். முத்துலிங்கத்தைக் கண்டதும் கண்ணாடிச் சிப்பாய் ஆவலோடு நிமிர்ந்தான். அவர் ஒரு சொல்லும் பேசாமல் அட்டையைக் காட்டிவிட்டு நடந்தார். சிப்பாயின் முகம் வாடிப்போயிற்று.

"என்ன சேர், இண்டைக்கிப் பனி யுகம் இல்லயா?" என்றார் ஸெய்னுலாப்தீன்.

முத்துலிங்கம் திரும்பிப் பார்த்தார். வரிசையின் கடைசியில் கறுப்பையா வந்துகொண்டிருந்தார். நித்திரை கொள்ளவில்லை. இரண்டு கைகளாலும் எதையோ நெஞ்சுக்கு நேரே பிடித்திருந்தார். வெயிலில் அது புத்தம் புதிதாக மின்னியது.

"பஸ்தான் சரியெண்டு எனக்கு முதல் நாளே தெரியும், நானா," என்றார் முத்துலிங்கம். "கறுப்பையாவின்ர அட்டை சனிக்கிழமைதான் வந்தது."