அப்பாவின் ரயில் பித்து

"குச்சியைக் கிழிக்காதேம்மா! கீழே போடு!"

கையிலிருந்த பையை வாசலிலேயே வீசிவிட்டு மகள் சமையலறைக்குள் பாய்ந்தாள். வீடு முழுக்க கேஸ் வாடை. அடுப்பின் குமிழ் முழுதாகத் திறந்திருந்தது, நெருப்பில்லை. குமிழை மூடி, சிலிண்டரையும் அடைத்து, ஜன்னல்களைப் படார் படாரென்று திறந்துவிட்டாள்.

தீக்குச்சியைப் பிடித்தபடி நின்ற அம்மா வெலவெலத்துப் போனாள்.

"நல்லவேளை நீ வந்தேடி. சளி பிடிச்ச மூக்கு, எனக்கு வாடையே தெரியலை."

"யாரும்மா திறந்து விட்டது?"

"வேற யாரு, உங்கப்பாதான்! அந்த மனுஷனுக்கு ரயிலை விட்டா உலகத்துல வேற என்ன இருக்கு?"

வேலைக்காலம் முழுக்க பஸ் ஓட்டிய அப்பாவுக்கு ஆசையெல்லாம் ரயில் மேல்தான். ஓய்வு பெற்றதும் நகரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, தோட்டம், மாடு, கோழி என்று இந்தக் கிராமத்தில் வந்து குடியேறினார். வந்த கையோடு பின்பக்கக் கொட்டகையில் ஒரு பெரிய மேஜையைப் போட்டு, தண்டவாளம், சுரங்கம், பாலம், தீப்பெட்டி அளவில் ஒரு ஸ்டேஷன் என்று தனியாக ஒரு ரயில்வேயே நடத்த ஆரம்பித்துவிட்டார்.

அம்மா தையல்காரி. பழைய தெருவில் அத்தனை பேருடைய அளவையும் எழுதி வைக்காமல், மனசிலேயே வைத்துத் தைத்தவள். அப்படிப்பட்டவள் ஒரு மறதிக்காரரைக் கட்டிக்கொண்டு படும் பாட்டை போனில் கேட்டுக் கேட்டு மகளுக்குக் காது புளித்துப் போயிருந்தது. இந்தத் தடவை நேரிலேயே ஒரு முடிவு கட்டிவிடலாம் என்றுதான் கிளம்பி வந்திருந்தாள்.

"கிணத்து மோட்டாரைப் போட்டுட்டு அப்படியே விட்டுட்டாருடி. தோட்டமே குளமாயிடுச்சு. கோழிக்கூட்டைச் சாத்தாம விட்டதுல நாய் புகுந்து ரெண்டைத் தூக்கிட்டுப் போயிடுச்சு. கேட்டா, ரயில் ஓட்டிட்டிருந்தேன், மறந்துட்டேன்னு இளிக்கிறார்!"

சத்தம் கேட்டுப் புல் அரிவாளும் கையுமாக அப்பா மூச்சிரைக்க ஓடி வந்தார். வந்தவர் மகளைக்கூடப் பார்க்கவில்லை. முதலில் அம்மாவை உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்த தீக்குச்சியைப் பார்த்தார். முகம் சுண்ணாம்பாய் வெளுத்துவிட்டது.

"கேஸைத் திறந்து விட்டது நீங்களாப்பா?"

அப்பா அம்மாவின் கையிலிருந்த குச்சியை மெல்ல வாங்கிக்கொண்டார்.

"ஆமாம்மா. டீ போடலாம்னு திறந்தேன். ரயில் நெனப்பு வந்துடுச்சு. அப்படியே போயிட்டேன்."

"பாத்தியா? நான் சொல்லலை?" என்றாள் அம்மா.

"எவ்வளவு சாதாரணமாச் சொல்றீங்க! அம்மா குச்சியை உரசியிருந்தா? லீவுக்கு உங்க பேத்தியைக் கொண்டு வந்து விடணும்னு இருந்தேன். இந்த வீட்டுல எதை நம்பி விடறது?"

"தப்புதாம்மா."

வாதாடியிருந்தால்கூட மகளுக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

"உங்க பொம்மை விளையாட்டுக்கு இன்னையோட முழுக்கு!" என்று சொல்லிவிட்டு, காலி அட்டைப் பெட்டிகளை அள்ளிக்கொண்டு விடுவிடுவென்று கொட்டகைக்கு நடந்தாள்.

அங்கே அப்பாவின் நாற்காலி ரயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சமையலறை ஜன்னலைப் பார்த்தபடி கிடந்தது. அதைக் காலால் ஒதுக்கிவிட்டுத் தண்டவாளங்களைக் கழற்ற ஆரம்பித்தாள். பாலம் ஒரு பெட்டிக்குள் போனது. சுரங்கம் இன்னொன்றில். அப்பா பின்னாலேயே வந்து நின்றார்.

"எல்லாத்தையும் எடுக்காதேம்மா. எஞ்சினையாவது விட்டுட்டுப் போ."

"மாட்டேன்."

"ஓட்ட மாட்டேன், சத்தியமா. சும்மா மேஜை மேல நிக்கட்டும். அது இங்க இருந்தாப் போதும்."

"சின்னப் பிள்ளை மாதிரி அடம் பிடிக்காதீங்கப்பா. உங்களுக்கு அம்மா உயிர் பெருசா, இந்தத் தகர டப்பா பெருசா?"

 அப்பாவின் கண் ஜன்னல் வழியாக வீட்டுப் பக்கமே போய்ப் போய் வந்தது.

"நான் தொண்டைத்தண்ணி வத்தக் கத்திட்டிருக்கேன், நீங்க அங்க என்ன வேடிக்கை பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்லேம்மா. நீ கட்டு."

கடைசிப் பெட்டிக்குக் கயிறு போட்டுக்கொண்டிருந்தபோது கொட்டகை வாசலில் நிழல் தட்டியது. தோட்டத்தில் பறித்த தக்காளிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா நின்றிருந்தாள். மகளைக் கண்டதும் அவள் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"அடியே! நீ எப்போடி வந்தே? உங்கப்பா ஒரு வார்த்தை சொல்லலையே!"

கயிற்றின் முடிச்சைப் பிடித்திருந்த மகளின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன. விளையாட்டுக்குத்தான் கேட்கிறாளோ என்று அம்மாவின் முகத்தைத் தேடிப் பார்த்தாள். அதில் விளையாட்டு இல்லை.

அப்பா சட்டென்று முன்னால் வந்தார். "இப்பதான் வந்தா. நான்தான் ரயில் மும்முரத்துல உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்."

"அதானே பாத்தேன்! இவருக்கு நாளுக்கு நாள் மறதி முத்திட்டே போகுதுடி," என்று அம்மா சிரித்தபடி வீட்டுக்குள் போனாள்.

அவள் தலை மறையும்வரை காத்திருந்துவிட்டு, அப்பா மகளின் கையிலிருந்த பெட்டியை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இதை நீ எடுத்துட்டுப் போயிட்டா, நாளைக்கு அவ மறக்கிறதுக்கெல்லாம் நான் என்ன சாக்கும்மா சொல்லுவேன்?"