ஹேசலின் மஞ்சள் தொப்பி

தோழி ஹேசல் பிப்ரவரியில் ஆஸ்பத்திரியில் இறந்ததிலிருந்து ஈனிட் கடலில் இறங்கவில்லை. இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையில் காலையில் குளிக்கும் தோழிகள் கூட்டத்துக்குத் தலை எண்ணுவதோடு சரி.

அன்று நான்கு பேர் இறங்கினார்கள். தண்ணீரில் ஐந்து தலைகள் தெரிந்தன. ஒன்றில் மஞ்சள் தொப்பி. கரையேறியவர்கள் நால்வர்தான்.

"எல்லாரும் வந்தாச்சாடி?" என்றாள் கரையேறிய பெரில், டீ ஃபிளாஸ்க்கைத் திறந்தபடி.

"எண்ணிக்கிட்டிருக்கேன்."

"நாலு பேரை எண்ண இவ்வளவு நேரமா? ஹேசல் இருந்தா உன்னையும் பிடிச்சு உள்ளே தள்ளியிருப்பா."

துணி மாற்றும் மரக்குடிலில், ஹேசல் போனதிலிருந்து யாரும் தொடாத அவளது ஆணியில், ஹேசலின் மஞ்சள் நீச்சல் தொப்பி நீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஈனிட் உள்ளே விரல் விட்டுப் பார்த்தாள். கதகதப்பாக இருந்தது.

கோட்டைக் கழற்றினாள். தொப்பியை மாட்டிக்கொண்டாள்.

"எங்கடி கிளம்பிட்ட? டீ ஆறிடும்."

"ஊத்தி வை," என்றாள் ஈனிட், அலையை நோக்கி நடந்தபடி. "ரெண்டு கப்."