ஜரிகைக்குப் போட்ட வேலி

லாவண்யாவின் கல்யாணச் சீரில் பீரோ, கட்டில், மிக்ஸியோடு ஒரு நாயும் வந்தது. பெயர் ஜரிகை. செவலை முதுகில் மஞ்சளாக ஒரு கோடு ஓடியதால் அந்தப் பெயர்.

பீரோ வைத்த இடத்தில் நின்றது. ஜரிகை, லாவண்யா தூங்கும் அறையின் வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டு யாரையும் உள்ளே விடாமல் காவல் காத்தது. இப்படி ஒரு காவல் நாயை ஆரணியிலேயே பார்த்ததில்லை என்று புது மாப்பிள்ளை தீனாவே எல்லோரிடமும் சொன்னான். சொல்லும்போது அவன் கண் கலங்கியிருக்கும்.

ஒரே கவலை, அந்த வீட்டுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. சுவர் வைத்தால் தறிக்குப் பாவு நூலை நீட்ட இடமிருக்காது. வாசலைத் தாண்டினால் வேலூர் ரோடு. பஸ்கள் நாயையோ மனிதனையோ பார்த்து ஓட்டப்படுவதில்லை.

லாவண்யா யோசித்தாள். வாசலைச் சுற்றி மூங்கில் குச்சிகளை நட்டாள். நாயின் மார்பு உயரத்துக்கு, சிவப்புப் பட்டு நூல் ஒன்றை இழுத்துக் கட்டினாள். அவ்வளவுதான் வேலி.

பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஜரிகை சிரிக்கவில்லை. குட்டியாக இருந்தபோது, தெருவில் நீட்டியிருந்த பாவுக்குள் அது ஒருமுறை பாய்ந்துவிட்டது. அன்று தெருவே திரண்டு நடத்திய பாடம் அதற்கு இன்னும் மறக்கவில்லை. நூலைக் கண்டால் நின்றுவிடும்.

வெள்ளிக்கிழமை காலை லாவண்யா கோயிலுக்குப் போய்த் திரும்பினாள். நூல் இருந்தது. நாய் இல்லை.

இரண்டு நாள் அவள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், ஜரிகை இல்லாத வீட்டில் தனக்கும் வேலை இல்லை என்று துணிகளைப் பையில் அடுக்க ஆரம்பித்தாள். தீனா சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தான். மகள் கல்யாணத்துக்கு அவனிடம் சேலை நெய்யச் சொல்லியிருந்த ஏட்டு அருணகிரியைக் கையோடு கூட்டிவந்தான்.

“இதாம்மா வேலி?” என்றார் அருணகிரி.

“ஆமாங்க சார்.”

அவர் சேத்துப்பட்டுப் பக்கம் விவசாயக் குடும்பம். முள்வேலி தெரியும், கம்பிவேலி தெரியும். காலைத் தூக்கி நூலைத் தாண்டினார். திரும்பவும் தாண்டி வெளியே வந்தார். நோட்டில் எழுத ஒன்றும் தோன்றவில்லை.

தீனா பக்கத்து வீட்டுத் தறிக்காரர் சின்னதுரையைக் கைகாட்டினான். போன வாரம் சின்னதுரையின் கோழி நூலுக்கு அடியில் புகுந்து ஜரிகையின் சோற்றில் வாய் வைத்தது. அதுவே அதற்குக் கடைசிச் சாப்பாடு. இந்த நாயை லாரி ஏற்றி வந்தவாசிக்கு அனுப்பாமல் விடுவதில்லை என்று சின்னதுரை அன்று நடுரோட்டில் சபதம் செய்திருந்தார்.

“கோவத்துல சொல்றதுதான் சார்,” என்றார் சின்னதுரை. “கோழி போன பேஜாரு எனக்கு.”

“தூக்கிகினு போயிருந்தா?” என்றார் அருணகிரி.

“யாரு, நானா? அதையா?” சின்னதுரை திரும்பி நின்று லுங்கியின் பின்பக்கத்தைக் காட்டினார். ஒருமுறை முயன்று பார்த்ததற்கான கிழிசல் அங்கே இருந்தது.

தூக்கவும் முடியாது, அதுவாகத் தாண்டவும் தாண்டாது என்றால் நூலை அறுத்துத்தான் ஓட்டிப்போயிருக்க வேண்டும். நூலோ முழுசாக இருந்தது. அருணகிரிக்குத் தலை வலித்தது.

லாவண்யா நூலின் மேல் விரலை வைத்தபடி மெதுவாக நடந்தாள். ரோட்டுப் பக்கம் வந்ததும் விரல் நின்றது.

“இங்க ஒரு முடிச்சு இருக்குது சார். நான் கட்டினப்ப ஒரே நூலுதான், நடுவுல முடிச்சே இல்ல.”

“திருடன் அறுத்தான், சரி. முடிஞ்சு வச்சுட்டா போவான்?”

“தறியில உக்காந்த கை சார். அறுந்த இழையைப் பார்த்துகினு சும்மா போவாது.”

“பாத்தீங்களா?” என்று துள்ளினான் தீனா. “நெசவு தெரிஞ்ச ஆளுதான். நான் அப்பவே சொல்லல?”

ஒருத்தர் போடும் முடிச்சு இன்னொருத்தருக்கு வராது, அது கையெழுத்து மாதிரி என்று லாவண்யா விளக்கினாள். அருணகிரிக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு துண்டு நூலைச் சின்னதுரையிடம் நீட்டினார். அவர் பற்களால் அதை இரண்டாக்கி, இடது கையால் நொடியில் முடிந்து கொடுத்தார். லாவண்யா தடவிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

“இது ஒரு சுத்து. அது ரெண்டு சுத்து சுத்தி, நுனியை உள்ள செருகினது.”

“என் கோழிக்கும் ஒரு கேஸ் எழுதிக்கங்க,” என்று சொல்லிவிட்டுச் சின்னதுரை, வெற்றி பெற்ற லுங்கியோடு வீட்டுக்குப் போனார்.

“அப்ப வெளியூர் ஆளுங்கதான் சார்,” என்றான் தீனா. “ஜல்தியா எழுதிக்கங்க. கண்டுபிடிக்கவே முடியாதுன்னாலும் பரவால்ல, நாங்க மனசைத் தேத்திக்கறோம்.”

லாவண்யா மறுபடி வேலிக்குப் போனாள். ஒரு கையின் விரல்கள் வேலி முடிச்சின் மேல் இருந்தன. மறு கை பிடரிக்குப் போய் மஞ்சள் கயிற்றை உருட்டிக்கொண்டிருந்தது. கல்யாணமாகி நாற்பது நாள். தாலி பிரித்துக் கோர்க்கும் சடங்குகூட இன்னும் நடக்கவில்லை. பாவம், வாயில்லாத ஜீவனுக்காகச் சாமியை வேண்டிக்கொள்கிறாள் என்று நினைத்து அருணகிரி தொப்பியைக் கழற்றினார்.

“கேஸ் எழுத வேணாம் சார், நாய் எங்கன்னு நான் உள்ள கூட்டிகினு போய்க் கேட்டுக்கறேன்,” என்றாள் லாவண்யா.

மஞ்சள் கயிற்றைத் தூக்கிக் காட்டினாள். “இதே முடிச்சு என் கழுத்துல ரெண்டு இருக்குது, மூணாவது நாத்தனார் போட்டது.”