துரை வீட்டுப் பலகாரம்

"ஆறு நாளும் பங்களாவுல அடுப்படி. ஏழாம் நாளாவது காலை நீட்டிப் படுக்கக் கூடாதா, தம்பி?"

கேட்டுக்கொண்டே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் வந்து நின்றாள் கருப்பாயி.

மலாயாவில் பாலோ ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் துரைக்குச் சமைக்கிறவன் அய்யாவு. மண்ணெண்ணெய் டின்னுக்கு மேலேயும் கீழேயும் தணல் போட்டு, உள்ளே சாக்லெட் பை என்கிற வெள்ளைக்காரப் பலகாரத்தைச் சுட்டுக்கொண்டிருந்தான்.

"பங்களாவுல மணியடிச்சா ஓடணும் அத்தை. இங்கே மணியடிக்க ஆளில்லை. பாட்டுப் பாடிக்கிட்டே மாவு பிசையலாம். இதுதான் எனக்குப் படுக்கை."

அந்த 'அத்தை'யில் ஒரு நப்பாசை இருந்தது. கருப்பாயி மகள் சந்திரமதியைப் பெண் கேட்டு, கங்காணி சதாசிவத்தைத் தூது விட்டிருந்தான். பதில் சொல்லத்தான் அவள் வந்திருந்தாள். அதற்கு முன்னால் மாப்பிள்ளையின் கைப்பக்குவத்தைப் பார்த்துவிட வேண்டாமா?

டின்னைத் திறந்ததும் கொக்கோ வாசனை லயத்தைத் தூக்கியது. பதினைந்து பிள்ளைகள் தட்டோடு ஓடி வந்தார்கள். முதல் ஆளாகக் கருப்பாயியின் கடைக்குட்டி மூர்த்தி. ஆளுக்கொரு துண்டை வாங்கி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மென்றார்கள்.

"எனக்கும் ஒரு துண்டு வெட்டு."

"இது புள்ளைங்களுக்கு மட்டுந்தான் அத்தை..."

"ஏன், எனக்குப் பல்லு கொட்டிப்போச்சா?"

வெடுக்கென்று ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். போட்ட வாய் அப்படியே கோணிக்கொண்டது.

"அலமாக்! வேப்பங்கொழுந்தை அரைச்சு ஊத்தினியா? இதையா துரை திங்கிறாரு?"

"துரை வீட்டுப் பலகாரம் இப்படித்தாம்மா இருக்கும்!" என்றான் மூர்த்தி, பெருமையாக. "துரைங்களுக்கு இனிப்புப் பிடிக்காது."

அய்யாவு ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சுற்றி நின்ற பிள்ளைகளைப் பார்த்தான். மூடிக்கொண்டான்.

"சீனி போடத் தெரியாத கைக்கா என் மகளைப் பிடிச்சுக் கொடுக்கிறது? கங்காணிக்கிட்ட நானே சொல்லிக்கிறேன்!"

கருப்பாயி போய்விட்டாள். அய்யாவு அதற்கப்புறம் பாடவில்லை.

வழியெல்லாம் துப்பிக்கொண்டே, முழங்கால் தைலம் வாங்கத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாள் அவள்.

"மூர்த்திப் பயல் எப்படி இருக்கான்?" என்றார் மருந்து கொடுக்கும் டிரசர் ஜெயபாலன்.

"அவனுக்கென்ன ஐயா? தீபாவளியிலேருந்து காய்ச்சலே இல்லை. முனியாண்டிக்குச் சேவல் நேர்ந்திருக்கேன்ல."

டிரசர் சிரித்துவிட்டார்.

"மலேரியாவுக்குக் கசப்புக் கொயினா மருந்து கொடுத்தா என் சட்டையிலதானே துப்புவான்! அவன் மட்டுமா, லயத்துல பதினஞ்சு உருப்படியும் அப்படித்தான். இப்ப ஒண்ணுக்கும் காய்ச்சல் இல்லை. முனியாண்டிக்குச் சேவலைக் கொடுங்க. அப்படியே சமையக்காரன் அய்யாவுக்கும் ஒரு கும்பிடு போடுங்க."

ஒரு பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தார்.

"கொயினாதான், அளந்து கட்டியிருக்கேன். அடுத்த வாரப் பலகாரத்துக்குன்னு அவன்கிட்ட கொடுத்திடுங்க. புள்ளைங்க காதுல விழாம! தெரிஞ்சுதோ, ஒண்ணும் தொடாது."

கருப்பாயி தைலத்தை மறந்துவிட்டு வந்த வழியே நடந்தாள்.

லயத்தில் பிள்ளைகள் இன்னும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அய்யாவு பலகாரத் தட்டைக் கழுவத் தண்ணீர் மொண்டான். அவள் மடியிலிருந்த பொட்டலத்தைச் சத்தமில்லாமல் அவன் பக்கத்தில் வைத்தாள். தட்டில் ஒட்டியிருந்த துணுக்கை வழித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டு அவள் வாயையே பார்த்தார்கள்.

கண்ணில் தண்ணீர் முட்டியது. வாயை மட்டும் கோண விடவில்லை.

"முன்னே அவசரத்துல முழுங்கிட்டேன். இப்பத்தான் ருசி தெரியுது," என்றாள் உரக்க. "அதுக்குள்ள ஏன் கழுவுறீங்க? ஓரத்துல இருக்கிறதையும் சுரண்டிக் கொடுங்க, மாப்பிள்ளை!"